கலியாண நாள் வந்தாலே வீட்டில் சண்டை

அக்கா, எனக்கு ஊர் உப்புவெளி. இவருக்குத் திருமலை ரவுண். இப்போது ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். இவர் கலியாணத்துக்குப் பத்து வருடம் முந்தியே கனடா வந்தவர். 2012 மார்கழியில் எங்களுக்கு எழுத்து நடந்தது. 2013 ஆவணியில் ஊரில் மண்டபம் எடுத்து, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டுக் கலியாணம் செய்தோம். அவருக்கு ஒரு மாத லீவுதான். கலியாணம் முடிந்து பத்தொன்பது நாள் என்னோடு இருந்துவிட்டுப் போய்விட்டார். ஸ்பொன்சர் சரிவந்து நான் இங்கே வர மேலும் பதினாலு மாதம் ஆனது. முதலாவது கலியாண நாளன்று நான் அம்மா வீட்டில் தனியாக இருந்தேன். வந்த புதிதில் அவரிடம் எதையும் கேட்கப் பயமாக இருக்கும். பிறகு அதுவே பழகிவிட்டது.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. நான் முதியோர் இல்லம் ஒன்றில் காலை வேலை. அவர் வெயார்ஹவுஸ் ஒன்றில் பின்னேர வேலை, வர நடுச்சாமம் ஆகும். நான் எழும்பும்போது அவர் நித்திரை, அவர் வரும்போது நான் நித்திரை.

ஒவ்வொரு வருடமும் கலியாண நாளில் சண்டை வருகிறது. முந்தின வருடம் என்ன செய்வோம் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். உண்மையிலேயே ஒன்றும் செய்யாமல் ஓவர்டைமுக்குப் போய்விட்டார். போன வருடம் லீவு எடுக்கிறேன் என்றார், சந்தோசப்பட்டேன். பார்த்தால் கூட்டாளிமார் எட்டுக் குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வேலையால் வந்து மூன்று மணியிலிருந்து அடுப்படியில் நின்றேன். கேக் வெட்டும்போது என் சேலையில் ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. படம் எடுத்து முகநூலில் போட்டார். எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். நான் குளியலறைக்குள் நின்று அழுதேன்.

இந்த வருடம் பன்னிரண்டாவது. செப்டம்பர் இரண்டாம் கிழமை, வியாழக்கிழமை வருகிறது. மார்க்கம் நகரில் ஹோல் எடுத்து நூற்றைம்பது பேருக்குப் பார்ட்டி வைக்க வேண்டுமாம். சீட்டுக் காசு கையில் வருகிறதாம். மாமி ஊரில் அன்னதானம் கொடுக்கக் காசு அனுப்பச் சொல்கிறா. அன்று முழுக்க ஊரிலிருந்து கோல் வந்துகொண்டே இருக்கும். எனக்கு என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் பின்னேரங்களில் டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு நடந்தோம். அப்படி ஒரு பின்னேரம் போதும் எனக்கு. இல்லாவிட்டால் ஊருக்காவது போய் வரலாம். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? அல்லது இந்த நாளையே கொண்டாடாமல் விட்டுவிடுவது நல்லதா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் சண்டையை விட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கவலைப்படுத்தியது. கலியாண நாளில் சண்டை பிடிக்கிறவர்களுக்கு அந்த நாளில் இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது. வேண்டியது எது என்று சொல்லாமலே அலுத்துப்போய், இனி அந்த நாளே வேண்டாம் என்று ஒதுங்கும்போதுதான் எனக்குப் பயம் வரும்.

இன்னொன்றையும் பார்த்தேன். நானூறு பேர் வந்த கலியாணத்துக்கு நீங்கள் ஒரேயொரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். தாலி கட்டியது, மணவறை, பொன்னுருக்கு, நாலாம் சடங்கு, ஒன்றும் இல்லை. பத்தொன்பது நாள் என்பது இரண்டு இடத்தில் வருகிறது. கச்சான் கூட வருகிறது. உங்களுக்குக் கலியாணம் என்றால் அந்தப் பத்தொன்பது நாள்தான். அதன் பிறகு வந்தது பதினாலு மாதம்.

அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எழுத வேண்டியதுமில்லை. திருகோணமலையில் உளவளத்துணையாளராக நீண்ட காலம் வேலை செய்கிறேன். வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து தாலி கட்டிப் போனபின் விசாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என் முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு ஒரு விநோதமான காலம். கழுத்தில் புதுத் தாலிக்கொடி, ஆனால் படுப்பது பழைய கட்டிலில், தங்கச்சிக்குப் பக்கத்தில். கோயிலுக்குப் போனால், கடைக்குப் போனால், "இன்னும் சரிவரேல்லையோ பிள்ளை?" என்ற கேள்வி. கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறவளுக்கு ஒவ்வொரு முறையும் தான் ஏதோ குற்றம் செய்ததுபோல இருக்கும். உங்கள் பத்தொன்பது நாள் ஆவணியும் புரட்டாதித் தொடக்கமும். கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும் காலம். அதே டச்பேயில் மார்கழி வாடைக்கு அலை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மார்கழியில் நீங்கள் இங்கே தனியாக இருந்தீர்கள்.

விசா வந்து, விமானம் ஏறி, போய்ச் சேர்ந்தபின் அந்தக் காலத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதுதான் வந்து சேர்ந்தாச்சே, இனி என்ன என்று விட்டுவிடுவோம். ஆனால் வருடத்தில் ஒருநாள், கலியாண நாளன்று, அது எழும்பி வரும். முதலாவது கலியாண நாளைத் தனியே கழித்தவருக்கு, பிறகு வரும் ஒவ்வொரு கலியாண நாளிலும் அந்த முதலாவதுக்கான கடன் ஒன்று பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். எட்டுக் குடும்பத்துக்குக் கறி வைத்து அந்தக் கடன் அடையாது. உங்கள் அழுகையில் ஒரு பிழையும் இல்லை.

இனி அவருடைய பக்கம். நான் அவரோடு பேசவில்லை, உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். கலியாணத்துக்கு முன் பத்து வருடம் தனியாக அங்கே இருந்தவர் என்கிறீர்கள். அப்படி இருபது இருபத்தொரு வயதில் போன பொடியன்மார் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும், என் உறவிலும் இருக்கிறார்கள். பேஸ்மன்டில் நாலைந்து பேர், ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் வந்து படுக்க. ஊரில் அக்கா கலியாணம், அம்மம்மாவின் செத்தவீடு, தம்பியின் பட்டமளிப்பு, எல்லாம் தொலைபேசியிலும் வீடியோவிலும்தான். அப்படிப் பத்து வருடம் இருந்தவருக்கு 2013 ஆவணியில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது எப்படி இருந்திருக்கும்? தன்னைத் தெரிந்த, தனக்குத் தெரிந்த நானூறு பேரும் ஒரே கூரையின் கீழ். பெரியப்பா பந்தியில் பரிமாறுகிறார், பள்ளிக்கூடக் கூட்டாளிகள் பின்வரிசையில் நின்று சத்தம் போடுகிறார்கள். அவருடைய கலியாணம் அந்த மண்டபம்தான்.

ஆகவே ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் ஆட்களைக் கூட்டப் பார்க்கிறார். எட்டுக் குடும்பம், பிறகு நூற்றைம்பது பேர். நீங்கள் கடற்கரையைத் தேடுகிறீர்கள். நடந்தது ஒரே கலியாணம்தான், ஆனால் அது அவர் மனதில் ஓரிடத்திலும் உங்கள் மனதில் வேறோரிடத்திலும் கிடக்கிறது. இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொன்னதேயில்லை. அவர் ஊருக்குக் காட்டவே பார்ட்டி வைக்கிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இவளுக்கு எதிலும் சந்தோசம் இல்லை என்று அவர் நினைத்திருப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் பெற்றோர் கலியாண நாள் கொண்டாடியதை நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தில் வருடா வருடம் கலியாணம் நடப்பது சாமிக்குத்தான், பங்குனி உத்தரத்தில் திருக்கலியாணம். மனிதருக்கு அறுபது வயதில் ஒருமுறை அறுபதாம் கலியாணம், அதுவும் வசதியும் ஆயுளும் இருந்தால். என் அம்மா அப்பாவின் கலியாண நாள் எதுவென்று எங்களுக்குப் பல காலம் தெரியாது. அப்பா அரசாங்க உத்தியோகத்தர். அவர் போனபின் அம்மாவின் விதவைகள் ஓய்வூதியத்துக்கு விவாகச் சான்றிதழ் தேவைப்பட்டது. ட்ரங்குப்பெட்டிக்குள் தேடி எடுத்துத் திகதியை வாசித்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்டைக்கு நல்ல மழை. கொப்பர் நனைஞ்சு போய் நிண்டவர்" என்றா. நாற்பத்தொரு வருடமாக அந்த மழையை அவ தனக்குள் வைத்திருந்திருக்கிறா. அப்பாவுக்கு அது நினைவிருந்ததா என்று கேட்டேன். "நான் கேக்கேல்லை" என்றா.

இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கலியாண நாளை எப்படிக் கழிப்பது என்று எங்கள் வீடுகளில் யாரும் செய்து காட்டவில்லை. பெற்றோர் செய்ததைப் பார்த்துப் பொங்கல் வைக்கிறோம், தீபாவளிக்கு எண்ணெய் வைக்கிறோம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்கிறோம்: ஹோல், மேடைச் சோடனை, மூன்றடுக்குக் கேக், ஒரே நிற உடுப்பு. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அது உங்கள் இருவருடைய கலியாணத்திலிருந்து வந்ததில்லை. உங்களுடையதிலிருந்து வரக்கூடியது கடற்கரையும் கச்சானும், அவருடையதிலிருந்து வரக்கூடியது பந்தியும் பழைய கூட்டாளிகளும்.

உங்களிடம் உள்ள ஒரு பிழையையும் சொல்ல வேண்டும், அன்போடுதான். "ஒன்றும் வேண்டாம்" என்றீர்கள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் கூடுதலாகக் கேட்கிறாரா என்று பார்க்கலாம் என்ற எண்ணம் உங்களுக்குள் இருந்திருக்கும். அது ஒரு பரீட்சை. பரீட்சை நடக்கிறதென்றே தெரியாதவர் அதில் சித்தியடைவது கடினம். அவருக்கு அன்று ஓவர்டைம் கிடைத்தது. ஒன்ராறியோவில் வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். வீட்டுக் கடன் கட்டுகிற மனிதர் போய்விட்டார். 

ஆனால் உங்களுக்கு ஏன் கேட்க வராது என்பதையும் நான் யோசித்தேன். "வந்த புதிதில் எதையும் கேட்கப் பயமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போனது 2014 முடிவில். கலியாணமாகி இரண்டு வருடத்துக்குள், பிள்ளையும் இல்லாமல் ஸ்பொன்சரில் போனவர்களுக்கு அந்த நாட்களில் கனடாவில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு வருடம் கணவனோடு சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் வதிவிட உரிமை போகலாம். 2012 ஒக்டோபரில் வந்த விதி, 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்துக்குள் போன பிள்ளைகள் பலர் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள், கேட்கப் பயம் என்று. கணவன் நல்லவராகவே இருந்திருப்பார். ஆனால் அவரோடு ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தாலும் கடதாசி நினைவுக்கு வரும். வாயைத் திறக்கப் பழக வேண்டிய முதல் இரண்டு வருடத்தை வாயை மூடப் பழகியே கழித்தீர்கள். இப்போது அந்த விதி இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் பழகினபடியே இருக்கிறது. இதை அவரிடமும் சொல்லுங்கள். அவருக்கு இது தெரியவே தெரியாமல் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று. உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது களைப்பும் மனக்குறையும்தான். நான் வாசித்தது தவறாகி, இன்றைக்கும் அவரிடம் பேசவே பயம் என்ற நிலை இருந்தால், இந்தப் பதில் உங்களுக்குப் போதாது. ஒன்ராறியோவில் 211 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் உங்கள் பகுதியில் என்ன உதவி இருக்கிறதென்று சொல்வார்கள், தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

சரி, இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

ஹோலுக்கு முற்பணம் கட்டும் முன் பேசுங்கள். கட்டியபின் பேசினால் அது காசுச் சண்டையாக மாறிவிடும். இரவு அவர் வேலையால் வந்த கையோடு வேண்டாம், வட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம். காரில் பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்குக் காரை விட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன். இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், முகத்தைப் பார்த்துப் பேச வராத கதையும் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ கடைக்கோ போகும்போது, பின்சீட்டில் பிள்ளைகள் நித்திரையாக இருக்கிற நேரமாகப் பாருங்கள்.

போன வருடத்துக் கறியிலிருந்து தொடங்காதீர்கள். "நீங்கள் ஒருநாளும்" என்றும் தொடங்க வேண்டாம். கடற்கரையிலிருந்து தொடங்குங்கள். "இஞ்சருங்கோ, கலியாணம் முடிஞ்சு நாங்கள் டச்பேயில நடந்தது ஞாபகம் இருக்கோ? எனக்குக் கலியாணம் எண்டால் அதுதான். நீங்கள் போனபிறகு முதல் கலியாண நாளுக்கு நான் தனிய இருந்தனான். இந்த முறை அண்டைக்கு எனக்கு நீங்கள் மட்டும் வேணும்." இவ்வளவுதான். நான் எழுதினபடி சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கு வருகிறபடி சொல்லுங்கள். "நீங்கள் மட்டும் வேணும்" என்ற சொல் மட்டும் இருக்க வேண்டும். இந்தச் சொல்லைப் பன்னிரண்டு வருடமாக அவர் கேட்டிருக்கமாட்டார்.

அப்புறம் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு எங்கட கலியாணத்தில எது ஞாபகம்?" கேட்டுவிட்டு இடையில் பேசாமல் இருங்கள். மண்டபம் வரும் என்று நினைக்கிறேன். வேறேதும் வந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.

இருவருடைய கலியாணத்துக்கும் இடம் இருக்கிறது, நாட்காட்டியைப் பாருங்கள். செப்டம்பர் முதல் திங்கள் கனடாவில் தொழிலாளர் தினம், மூன்று நாள் விடுமுறை. உங்கள் நாள் அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை வருகிறது. ஆட்களைக் கூப்பிடுவதென்றால் அந்த நீண்ட வாரஇறுதியில் கூப்பிடட்டும். நூற்றைம்பது பேர் ஏன்? அவருடைய மண்டபத்தில் இருந்த ஆட்கள், அல்லது அவரோடு அந்தப் பேஸ்மன்டில் படுத்த ஆட்கள், யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று இருவரும் இருந்து எழுதுங்கள். முப்பது நாற்பது பேருக்கு மேல் வராது. வீட்டிலோ பூங்காவிலோ வைக்கலாம். சாப்பாடு வெளியில் ஓடர் கொடுக்க வேண்டும், நீங்கள் ஒரு கறிகூட வைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சீட்டுக் காசில் எவ்வளவு இதற்கு என்று முதலே ஒரு தொகை வையுங்கள், மிச்சம் வீட்டுக் கடனுக்கோ பயணத்துக்கோ போகட்டும்.

வியாழக்கிழமை உங்களுடையது. அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், ஆகவே யார் வீட்டில் பிள்ளைகளை விடுவது என்ற பிரச்சினை இல்லை. அவருக்குப் பின்னேர வேலை, காலையில் வீட்டில்தான் இருப்பார். அப்படியென்றால் லீவு எடுக்க வேண்டியவர் யார்? நீங்கள். அவர் லீவு எடுக்கவில்லை என்று இவ்வளவு காலம் மனத்தாங்கல் பட்டீர்கள். காலை ஒன்பதிலிருந்து அவர் வேலைக்குப் புறப்படும்வரை இருவரும் தனியே இருக்க உங்கள் ஒருநாள் லீவு போதும். பின்னேரம்தான் வேண்டுமென்றால் அவரும் எடுக்க வேண்டும். ஒன்ராறியோ சட்டப்படி ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்தில் குறைந்தது மூன்று கிழமை விடுமுறை உண்டு, அதற்குக் குறைந்தவருக்கு இரண்டு கிழமை. ஆனால் அதை எப்போது கொடுப்பது என்பது வேலை கொடுப்பவர் கையில். முதியோர் இல்லங்களில் வேலைநேரப் பட்டியல் கிழமைக்கணக்கில் முந்தியே போட்டுவிடுவார்கள். ஆகவே இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள்.

தொலைபேசிக்கும் வழி இருக்கிறது. செப்டம்பரில் திருமலை ரொறன்ரோவை விட ஒன்பதரை மணித்தியாலம் முந்தி. உங்களுக்குப் புதன் இரவு எட்டரை என்றால் இங்கே வியாழன் காலை ஆறு மணி. ஊருக்கு உங்கள் கலியாண நாள் பிறந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் பிறக்கவில்லை. இது கடவுள் தந்த வசதி. புதன் இரவையே ஊருக்குக் கொடுத்துவிடுங்கள். அம்மா கோட்டை வாசலால் ஏறிக் கோணேசருக்கும் மாதுமை அம்பாளுக்கும் உங்கள் பேரில் அர்ச்சனை செய்யப் போவா, போகும் முன் பிள்ளைகளைப் பேச விடுங்கள். அவர் வேலை இடைவேளையில் தன் தாயோடும் சகோதரங்களோடும் பேசட்டும். "நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் வெளிய போறம், போன் எடுக்கமாட்டம்" என்று இருவரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சொல்லி மறுபக்கம் சொல்லாவிட்டால், மருமகள்தான் போனை வாங்கி வைத்துவிட்டா என்று கதை வரும்.

அன்னதானத்துக்கு அனுப்புங்கள், மறுக்க வேண்டாம். மாமிக்கு மகனின் கலியாண நாளைக் கொண்டாட அங்கே வேறு வழி இல்லை. இரண்டு பேரின் பேரிலும், உங்களால் முடிந்த தொகையை ஒரு மாதம் முந்தியே அனுப்பிவிட்டால் அன்றைக்கு அந்தப் பேச்சு வராது.

ஊருக்கு வருவதைப் பற்றி. வாருங்கள், எங்களுக்கும் சந்தோசம். ஆனால் இந்தக் கலியாண நாளுக்காக வர வேண்டாம். நீங்கள் ஊருக்கு வந்தால் உங்களுக்கு உப்புவெளி, அவருக்கு ரவுண். இரண்டு வீட்டிலும் மாறிமாறிச் சாப்பாடு, காலையிலிருந்து இரவுவரை பார்க்க வரும் ஆட்கள். பிள்ளைகளை ஆளுக்காள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டச்பேக்குப் போனாலும் பத்துப் பேரோடுதான் போவீர்கள். தனியே நடந்த அந்தப் பின்னேரம் ஊரில் இப்போது உங்களுக்குக் கிடைப்பது அரிது. ஸ்காபரோவில் கிடைக்கும்.

உங்கள் வீட்டிலிருந்து ஒன்ராறியோ ஏரி தூரமில்லை. நான் அங்கே வந்ததில்லை. என் மச்சாளின் மகள் ஸ்காபரோ பிளஃப்ஸ் என்ற இடத்தின் படங்களை அனுப்பியிருந்தாள். ஏரிக்கரை ஓரமாகப் பதினைந்து கிலோமீற்றர் அளவுக்கு வெளிறிய மண்குன்றுகள், சில இடங்களில் 90 மீற்றர் உயரம், கீழே மணல், மறுகரை தெரியாத தண்ணீர். முதலில் பார்த்தபோது கோணேசர் மலையைக் கடலில் நின்று எடுத்த படம் என்று நினைத்துவிட்டேன். உப்புக்காற்று இருக்காது, அது நல்ல தண்ணீர். கச்சான் கோது பொறுக்க மானும் வராது. ஆனால் செப்டம்பர் நடுவில் குளிர் இன்னும் தொடங்கியிராது, வார நாளில் கூட்டமும் இராது. மேல் விளிம்புக்குப் போகாதீர்கள், அந்த மண் இடிந்து விழக்கூடியது. கீழே கரையில் நடவுங்கள்.

அன்றைக்குப் படம் எடுப்பதென்றால் ஒன்று எடுங்கள், போடுவதை அடுத்தநாள் போடுங்கள். நடக்கும்போது அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் முதலாவது கலியாண நாள் எப்படிப் போனது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரம் அவர் கோல் எடுத்தார். குறையாகச் சொல்லாமல் கதையாகச் சொல்லுங்கள். அவரும் அந்தப் பதினாலு மாதம் அங்கே தனியாகத்தான் இருந்திருக்கிறார், அந்தக் கதையை நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

தம்பி, இந்தப் பக்கத்தை உங்களிடம் நீட்டி வாசிக்கச் சொன்னால், கோபிக்காமல் வாசியுங்கள். உங்களைக் குறை சொல்ல அவ எழுதவில்லை. உங்களோடு பத்தொன்பது நாள் நடந்த நடை போதவில்லை என்று எழுதியிருக்கிறா. ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கும் உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது, அதை விட வேண்டாம். வேறொரு நாளில் வையுங்கள். போன வருடம் கேக் வெட்டும்போது அவ எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தா என்று ஒருமுறை கேளுங்கள். இந்த வருடம் அவ "ஒன்றும் வேண்டாம்" என்றால், இன்னும் ஒருதரம் கேளுங்கள்.

தங்கச்சி, கோதோடு வறுத்த கச்சான் உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் இருக்கும். பைக்கற்றோடு கொண்டுபோக வேண்டாம். வீட்டில் இருக்கும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்து, அந்த நாளையைப்போலச் சரை சுற்றி, ஒரே சரையாகக் கொண்டுபோங்கள்.